ஜெனி லெகான்: டாப் டான்ஸில் ஒரு முழு ஆயுள்

[திரையில்: மரத்தரை. ஒரு ஷூவின் அடிப்பாகம், மிக நெருக்கத்தில்.]

வணக்கம். டாப் டான்ஸ் ஷூவின் அடியில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். முன்பாதத்துக்குக் கீழே ஒன்று, குதிகாலுக்குக் கீழே ஒன்று. திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினாலே சத்தம் மாறிவிடும். பரதத்தில் தாளத்தை நட்டுவாங்கமும் மிருதங்கமும் பார்த்துக்கொள்ளும். இங்கே ஆடுபவரின் காலே தாள வாத்தியம். அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும், அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் காலாட்டமும் கலந்து உருவான கலை இது.

[திரையில்: 1930களின் சிகாகோ தெரு.]

ஜெனி லெகான் 1916-ல் சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பெண். 13 வயதில் மேடையேறிவிட்டார், அதுவும் பேன்ட் போட்டுக்கொண்டு. பெண்கள் குட்டைப் பாவாடையில் வரிசையாக நின்று ஆடிய காலம் அது. பேன்ட் போட்டதில் ஒரு வசதியும் இருந்தது. குட்டிக்கரணம், முழங்காலில் விழுந்து எழுவது, கால்விரல் நுனியில் நிற்பது என்று ஆண்கள் செய்து கைத்தட்டல் வாங்கியதையெல்லாம் அவரும் செய்தார். விட்மன் சகோதரிகள் என்ற கறுப்பினப் பெண்கள் நடத்திய ஆட்டக்குழுவிலும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்.

[திரையில்: 'ஹூரே ஃபார் லவ்', 1935.]

இந்தப் படத்தில் கொஞ்சம் நிற்போம். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, சாமான்களோடு தெருவில் நிற்கும் பெண்ணாக ஜெனி. அவரைத் தேற்ற வருபவர் பில் ராபின்சன், அன்றைக்கு டாப் டான்ஸில் எல்லோருக்கும் மேலே இருந்தவர். ராபின்சன் உடம்பை நிமிர்த்தி, பாதத்தின் முன்பகுதியில் நின்று, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகக் கேட்க வைக்கிறார். ஜெனிக்கு இன்னும் 19 ஆகவில்லை. நீளக் கால்களை வீசிக்கொண்டு, துளிக்கூடத் தயங்காமல் அவருக்கு ஈடுகொடுக்கிறார். என் கண் ஜெனியை விட்டு நகரவே இல்லை.

அதே வருடம் ஹாலிவுட் ஸ்டுடியோவான எம்ஜிஎம் அவரை நீண்டகால ஒப்பந்தத்தில் எடுத்தது. பெரிய ஸ்டுடியோ ஒன்று கறுப்பினப் பெண்ணோடு அப்படி ஒப்பந்தம் போட்டது அதுவே முதல் முறை. ஆனால் ஒரு படம்கூட எடுக்காமல் ஒப்பந்தம் ரத்தானது. எம்ஜிஎம்மின் டாப் டான்ஸ் நாயகியாக வளர்ந்தவர் வெள்ளைக்காரரான எலினர் பவல்.

ஜெனி லண்டன் மேடைக்குப் போனார், வரவேற்பும் கிடைத்தது. திரும்பி வந்தபோது ஹாலிவுட் பெரும்பாலும் நீட்டியது வேலைக்காரி வேடம்தான். 1948-ல் 'ஈஸ்டர் பரேட்' படத்திலும் அதே வேடம். நாயகன் ஃப்ரெட் அஸ்டேர். முன்பு ஒரே ஸ்டுடியோவில் ஒத்திகை பார்த்து, ஸ்டெப் பரிமாறிக்கொண்டவர்கள் இருவரும். படப்பிடிப்பில் அஸ்டேர் தன்னைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஜெனி பின்னாளில் சொன்னார். இவ்வளவு திறமையான ஒருவரை ஆடவிடாமல் தட்டை ஏந்தவிட்டது மன்னிக்க முடியாத அநியாயம்.

[திரையில்: வான்கூவர். ஒரு நடன வகுப்பு.]

1969-ல் கனடாவின் வான்கூவருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். டாப் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

டாப் வகுப்பில் முதலில் வருவது ஷஃபிள். முன்பாதத்தால் தரையை முன்னே ஒரு உரசல், பின்னே ஒரு உரசல். சுலபமாகத் தெரியும். கணுக்கால் இறுகியிருந்தால் இரண்டு சத்தமும் ஒன்றாக ஒட்டிவிடும். கணுக்காலைத் தளரவிட்டு, இரண்டும் சமமாகக் கேட்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். இந்தக் கலை ஏட்டில் அதிகம் எழுதி வைக்கப்படவில்லை. ஒருவர் காலைப் பார்த்து இன்னொருவர் பிடித்துக்கொண்டதுதான். ராபின்சனோடு ஆடியவரிடமே நேராகக் கற்றுக்கொள்வது வான்கூவர் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய கொடுப்பினை!

1999-ல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தது. 2012 டிசம்பரில் வான்கூவரிலேயே, 96 வயதில் காலமானார்.

முதலில் 'ஹூரே ஃபார் லவ்' படத்தின் அந்த நடனக் காட்சியைத் தேடிப் பாருங்கள். ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டு, மறுதடவை ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு. அப்புறம் ஆவணப்படத்துக்குப் போகலாம்.