திரைப் புள்ளியும் ஓட்டக்காரரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாரத்தான் ஓடும் ஒருவரை, அவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்பேசிச் செயலி ஒன்றில் பின்தொடர்வது இன்று வெகு சாதாரணமாகிவிட்டது. ஓட்டக்காரரின் பெயரையோ, அவர் மார்பில் குத்தியிருக்கும் 'பிப்' எனும் அட்டையில் உள்ள எண்ணையோ கொடுத்துத் தேடினால் போதும். பாதையின் வரைபடத்தில் ஒரு வண்ணப் புள்ளி நகரத் தொடங்குகிறது. பார்ப்பவர் அந்தப் புள்ளியையே தம் மகளாகவோ நண்பராகவோ எண்ணிவிடுகிறார். பெரும்பாலான பெருநகர மாரத்தான்களில் அது சரியன்று. ஓட்டக்காரர் இந்நேரம் இங்கே இருக்கக்கூடும் என்று செயலி போட்டுக்காட்டும் உத்தேசக் கணக்குதான் அந்தப் புள்ளி. அந்தக் கணக்கின் போக்கு தெரிந்தவருக்கு வீண் பதற்றம் பெருமளவு குறையும் என்பதால், அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிப்பைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் மெல்லிய நுரைப்பட்டை ஒன்றும், அதை ஒட்டி உலோகக் கோடுகளாலான சிறு ஆன்டெனாவும் இருப்பதைப் பல பந்தயங்களில் காணலாம். அதுதான் நேரத்தைப் பதிவுசெய்ய உதவும் சிப். அதில் பேட்டரி கிடையாது. ஆகவே இருக்குமிடத்தைத் தானாக அறிவிக்கும் திறனும் அதற்குக் கிடையாது. சாலையின் குறுக்கே விரித்திருக்கும் 'மேட்' எனும் மின்னணு விரிப்பை ஓட்டக்காரர் கடக்கும்போது, அங்கிருந்து எழும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, அந்தச் சிப் தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. அந்த எண்ணும் கடந்த நேரமும் பதிவாகி, செல்பேசி வலையமைப்பு வழியாகச் சர்வரைச் சென்றடைகின்றன. 42.195 கிலோமீட்டர் பாதையில் பொதுவாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மேட் இருக்கும்; தொடக்கக்கோடு, நடுவழி, இறுதிக்கோடு ஆகிய இடங்களையும் சேர்த்தால் மொத்தம் பதினொன்று ஆகும். அப்படியானால், நான்கு மணி நேரம் ஓடும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது செயலிக்கு உறுதியாகத் தெரிவது பதினொரு கணங்களில் மட்டுமே.

இந்த ஏற்பாடு வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காகப் பிறந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ரோஸி ரூயிஸ் என்பவர் பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்து பரிசையும் பெற்றார். அவர் முழுத் தூரமும் ஓடவில்லை என்பது பின்னர் தெளிவாகி, வெற்றி ஜாக்குலின் காரோவுக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொருவரும் இடைவழியில் எங்கெங்கே எப்போது கடந்தார் என்ற பதிவு இருந்தால் அத்தகைய ஏமாற்று எளிதில் அகப்பட்டுவிடும். 1990களில் நெதர்லாந்தில் உருவான சாம்பியன்சிப், காலணிக் கயிற்றில் கோத்துக்கொள்ளும் வில்லையாக வந்து அந்தப் பதிவைப் பெரும் கூட்டத்துக்கும் சாத்தியமாக்கியது. நாம் செயலியில் காண்பது, நேரக்கணக்குக்காகவும் நேர்மைக்காகவும் ஏற்பட்ட அந்த வசதியின் உபரிப் பயன்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவர் 30 கிலோமீட்டர் வரை ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி என்ற வேகத்தில் ஓடிவந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த 5 கிலோமீட்டரை அவர் 28 நிமிடம் 20 விநாடியில் முடிப்பார் என்று செயலி கணித்து, அதே வேகத்தில் புள்ளியை நகர்த்துகிறது. அவரோ 30ஐத் தாண்டியதும் கால் பிடித்துக்கொள்ள, கிலோமீட்டருக்கு 7 நிமிடமாகத் தளர்ந்துவிடுகிறார். திரையில் புள்ளி 35ஆவது கிலோமீட்டர் மேட்டைத் தொடும்போது, உண்மையான ஓட்டக்காரர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். பல செயலிகளில் புள்ளி மேட்டுக்கு அருகே வந்து அப்படியே நின்றுவிடும்; அவர் உண்மையில் அங்கே வந்துசேர இன்னும் 6 நிமிடம் 40 விநாடி ஆகும். வீட்டில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்குவது இந்த இடைவெளிதான். "ஏன் அசையவில்லை, விழுந்துவிட்டாரோ?" என்று கேட்கிறார்கள். உண்மையில் அசையாமல் நிற்பது கணக்குதான். அவர் மெதுவாகவேனும் வந்துகொண்டிருக்கலாம். இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: ஓட்டக்காரர் மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க, புள்ளி மட்டும் உற்சாகமாக ஓடிக்கொண்டிருக்கும்.

மேட்டைக் கடந்த பிறகும் நேரம் வராமல் போவதுண்டு. உடலில் உள்ள நீர் இந்த ரேடியோ அலைகளை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் சிப்பை உடலிலிருந்து சற்று விலக்கிவைக்க நுரைப்பட்டை ஒட்டுகிறார்கள். பிப்பை மடித்துக் குத்திக்கொண்டாலோ, இடுப்புப் பட்டைக்குள் சொருகிக்கொண்டாலோ பதிவு தவறலாம். பதிவு சரியாக இருந்தும், அந்த இடத்தில் வலையமைப்பு திணறுவதால் தகவல் தாமதமாகலாம். எது காரணம் என்று கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. உங்கள் ஓட்டக்காரருடன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முந்தைய மேட்டைக் கடந்த வேறொருவரையும் செயலியில் சேர்த்துவையுங்கள். அவருடைய நேரமும் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மேட்டிலோ வலையமைப்பிலோ இருக்கும். அவருடையது வந்து உங்களவருடையது மட்டும் வரவில்லை என்றாலும், அடுத்த மேட் வரை பொறுத்துப் பார்ப்பதே முறை.

தகவல் நின்றுபோவதன் கொடிய வடிவத்தை 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டனில் உலகம் கண்டது. இறுதிக்கோட்டருகே குண்டுகள் வெடித்ததும் 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்கள் பாதையிலேயே நிறுத்தப்பட்டனர். 40ஆவது கிலோமீட்டர் வரை நேரம் வந்து, அதற்குப் பின் ஒன்றும் வராத நிலையில் எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. அவர்கள் முடித்திருக்கக்கூடிய நேரத்தை ஒவ்வொரு மேட்டிலும் பதிவான இடைநேரங்களைக் கொண்டு கணிக்கும் வேலையில் பின்னர் புள்ளியியலாளர்களே ஈடுபட்டார்கள்.

ஆகவே என் யோசனை, புள்ளியை விட்டுவிட்டு இடைநேரப் பட்டியலைப் பாருங்கள் என்பதுதான். விறுவிறுப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 2023 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். இரண்டாம் பாதியை 59 நிமிடம் 47 விநாடியில் முடித்து, 2 மணி 35 விநாடி என்ற உலக சாதனையைப் படைத்தார். 30க்கும் 35க்கும் இடைப்பட்ட 5 கிலோமீட்டரை மட்டும் 13 நிமிடம் 51 விநாடியில் கடந்தார். பந்தயம் எங்கே தீர்மானமானது என்பதை அந்த ஒற்றை வரி காட்டிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அதே பகுதியில்தான் தசைகளில் எரிபொருளாகச் சேமித்த கிளைக்கோஜன் குறைந்து வேகம் விழுகிறது. சீரான வேகத்தை நம்பிச் செயலி 20ஆவது கிலோமீட்டரில் சொல்லும் முடிவு நேரத்தை அதனால்தான் நான் பொருட்படுத்துவதில்லை; 35இல் சொல்வதை ஓரளவு நம்புகிறேன்.

முடிவு நேரத்திலும் இரண்டு உண்டு. துப்பாக்கி ஒலித்ததிலிருந்து எண்ணுவது ஒன்று, அவரவர் தொடக்கக்கோட்டைக் கடந்ததிலிருந்து எண்ணுவது மற்றொன்று. பெரும் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவருக்கு இரண்டுக்கும் பல நிமிட வித்தியாசம் வரும். தம் ஓட்டத்தை மதிப்பிட அவருக்கு உதவுவது இரண்டாவதுதான்.

இறுதிக்கோட்டில் வரவேற்கச் செல்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கோட்டைக் கடந்தவுடன் செயலி அவரைக் கைவிட்டுவிடும். அதன்பின் அவர் பதக்கமும் தண்ணீரும் வாங்கி, பையை மீட்டு, கூட்டத்தோடு மெல்ல நகர்ந்து வெளியே வர அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்நேரத்தில் செல்பேசி அழைப்புகளும் கிடைப்பது அரிது. சந்திக்க வேண்டிய இடத்தை முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள்; கூட்டம் கலையும் வாயிலிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் இடமாக அது இருக்கட்டும். நன்றி, வணக்கம்.