வெறும் தோல் பூதத்துக்கு வண்ணம்: டேங்க்ஹோல்ட் ட்ராகோத், முழு வேலையும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேஜை மேல இருக்கறது டேங்க்ஹோல்ட் ட்ராகோத். வார்ஹாமர் ஏஜ் ஆஃப் சிக்மார்ங்கற மினியேச்சர் போர் விளையாட்டுல க்ளூம்ஸ்பைட் கிட்ஸ் படை 2019ல வந்தப்போ கூடவே வந்த குகைப் பூதம். 60 மில்லிமீட்டர் வட்ட பேஸ்ல, அதாவது அடித்தட்டுல நிக்கும். இதே பெட்டியில இவங்க தலைவனான ட்ராக்பாஸும் கட்டலாம். அதனால பாகங்களை வெட்டற நிப்பரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே எதைக் கட்டப் போறீங்கன்னு முடிவு பண்ணி, கையேட்டுல அதுக்கான எண்களை மட்டும் பென்சில்ல வட்டம் போட்டுக்கோங்க.

இந்த உருவம் கிட்டத்தட்ட முழுக்க வெறும் தோல். கவசம் போட்ட வீரன்னா பாகங்களை ஒட்டின கோடு பெல்ட்டுக்கு அடியில, தோள்பட்டைக்கு அடியில ஒளிஞ்சிக்கும். இவன் தொப்பையில ஒரு கோடு மிஞ்சினா, பள்ளத்துல இறங்கி நிழல் காட்டற தண்ணியான பெயிண்ட், அதாவது வாஷ், போட்ட உடனே கறுப்பா எழும்பி நிக்கும். அதனாலதான் இந்த வீடியோல பெயிண்ட்டுக்கு முன்னாடி நடக்கற வேலையைப் பத்தி நிறைய பேசப் போறேன்.

பாகங்கள் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டம், அதாவது ஸ்ப்ரூல இருந்து வெட்டும்போது நிப்பரோட தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்கட்டும். ஒட்ட வெட்டாதீங்க, பிளாஸ்டிக் வெளுத்து உள்வாங்கிக் குழி விழும். 1, 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டிட்டு, மிச்சத்தைக் கத்தியால சீவி எடுங்க. அப்புறம் மோல்ட் லைன், அதாவது அச்சு ரெண்டும் சேர்ந்த இடத்துல விழற கோடு. கத்தியோட முதுகுப் பக்கத்தை வெச்சு, கேரட் தோல் சுரண்டற மாதிரி லேசா இழுத்தா போதும். டார்ச் லைட்டைப் பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க, நேர் வெளிச்சத்துல தெரியாத கோடு எல்லாம் நிழல் விட்டுக் காட்டிக் கொடுக்கும்.

ஒட்டறதுக்கு பிளாஸ்டிக் சிமெண்ட்தான். டாமியா எக்ஸ்ட்ரா தின் நல்லா வேலை செய்யும். இது பசை மாதிரி நடுவுல உக்காந்து பிடிக்கறது இல்ல, ரெண்டு பக்க பாலிஸ்டைரீனையும் கரைச்சு ஒண்ணாக்கிடும். அதனால சூப்பர் க்ளூ இங்க வேண்டாம். ஆனா உங்ககிட்ட இருக்கறது 3டி பிரிண்ட் பண்ண ரெசின் உருவம்னா இந்த சிமெண்ட் ஒட்டவே ஒட்டாது, அதுக்கு சூப்பர் க்ளூதான். பெரிய உடல் பாகங்களைச் சேர்க்கும்போது கொஞ்சம் தாராளமா தடவி அழுத்துங்க. கரைஞ்ச பிளாஸ்டிக் இணைப்புல மெல்லிசா பிதுங்கி வெளிய வரணும். அதைத் தொடாதீங்க. தொட்டா கைரேகை பதிஞ்சிடும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, கத்தியால சுரண்டித் தேய்ச்சீங்கன்னா கோடே இருக்காது.

அதுக்கு மேலயும் இடைவெளி இருந்தா ரெண்டு வழி. முடி அளவு விரிசலுக்கு ஸ்ப்ரூ கூழ்: வெட்டிப்போட்ட ஸ்ப்ரூ துண்டுகளைக் கொஞ்சம் சிமெண்ட்ல போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டா கூழாயிடும். பெரிய பிளவுக்கு கிரீன் ஸ்டஃப், ரெண்டு பாகத்தைக் கலந்து பிசையற புட்டி. மஞ்சளும் நீலமும் ஒட்டின பட்டையா வந்தா, ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கற நடுப்பகுதியை வெட்டி எறிஞ்சிடுங்க. அது ஏற்கெனவே இறுகியிருக்கும், பிசைஞ்சா மணல் மாதிரி நெருடும். மிச்சத்தை சம அளவு எடுத்து, நிறம் முழுக்கப் பச்சையாகிற வரைக்கும் சப்பாத்தி மாவு மாதிரி பிசையுங்க. ஒரு மணி நேரம் தாராளமா வேலை பார்க்கலாம். விரலையும் கருவியையும் தண்ணில நனைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா பிளவுல உக்காராம கருவியோடயே வந்துடும். மழமழன்னு இழைச்சு விட்டுடாதீங்க. சுத்தி இருக்கற தோல் சுருக்கத்தை ஊசி முனையால அதுலயும் கீறி விடுங்க. இதை விட்டா, பெயிண்ட் அடிச்சதும் வழுக்கையா ஒரு பட்டை தனியா தெரியும்.

தலையையும், பாறைக் கதாயுதம் பிடிச்ச கையையும் ப்ளூ டாக்ல (ஒட்டி எடுக்கற களிமண் மாதிரி பசை) நிறுத்திப் பாருங்க. உங்க பிரஷ் மோவாய்க்கு அடியில, அக்குள்ல எல்லாம் போகுதா? போகலன்னா அந்தப் பாகத்தைத் தனியா பெயிண்ட் பண்ணிட்டு அப்புறம் சேருங்க. ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்கும்போது ஒட்டற முகத்துல ப்ளூ டாக்கை ஒட்டி மூடிடணும். பெயிண்ட் மேல சிமெண்ட் பிடிக்காது.

ப்ரைமர். முதல்ல கறுப்பு, 20ல இருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல, கையை நிறுத்தாம ஓட்டிக்கிட்டே மெல்லிசா ரெண்டு தடவை. அது காய்ஞ்சதும் மேல இருந்து சாய்வா, 45 டிகிரில, வெள்ளையை லேசா தூவுங்க. வெளிச்சம் எங்க விழும், நிழல் எங்க தங்கும்னு உருவமே காட்டிடும். கிட்ட இருந்து அடிச்சா சுருக்கம் எல்லாம் அடைபடும். ரொம்பத் தள்ளி அடிச்சா பெயிண்ட் காத்துலயே காய்ஞ்சு, உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பா உக்காரும். காத்துல ஈரம் ஜாஸ்தின்னாலும் பூசினது மாவு பூத்த மாதிரி ஆயிடும். சென்னை, தூத்துக்குடின்னு கடலோரமா இருக்கறவங்க மழை நாள்ல ஸ்ப்ரே கேனைத் தொடவே வேண்டாம். வயேஹோ சர்ஃபேஸ் ப்ரைமர் மாதிரி பிரஷ்லயே பூசறது கிடைக்குது, அதை எடுத்துக்கோங்க. ப்ரைமர் காய்ஞ்சதும் திரும்ப அந்த டார்ச் சோதனை. விட்டுப்போன கோடு இப்பத்தான் கண்ணுல படும், இப்பவும் சுரண்டிச் சரி பண்ணலாம்.

இனிமே தோல். இங்க இருந்து நான் சொல்ற நிறங்களோட பேர் எல்லாம் சிட்டாடல் பெயிண்ட். டெத் கார்ட் கிரீனை வெட் பேலட்ல (பெயிண்ட் காயாம ஈரமா வெச்சிருக்கற தட்டு) எடுத்து, நீர்மோர் பதத்துக்கு வர்ற வரைக்கும் தண்ணி விடுங்க. ரெண்டு மெல்லிசு கோட். தயிர் மாதிரி கெட்டியா அடிச்சா பிரஷ் தடம் அப்படியே நிக்கும். அடி மறைஞ்சும் மறையாம இருந்தா போதும், கீழ இருக்கற வெளிச்சமும் நிழலும் நமக்கு வேணும். தொப்பை, உள்ளங்கை, தொண்டைக்கு ராகார்த் ஃப்ளெஷ். ரெண்டு நிறமும் சந்திக்கற இடத்துல ரெண்டையும் சமமா கலந்து நடுவுல ஒரு பட்டை விடுங்க.

அடுத்தது ஆதோனியன் கேமோஷேட் வாஷ். நிறைய பேருக்கு உருவம் கெடறது இந்த இடத்துலதான். மொத்த உடம்பையும் ஒரே மூச்சுல குளிப்பாட்டினா, தொப்பை மாதிரி அகலமான இடத்துல வாஷ் ஓரமா ஒதுங்கிக் காய்ஞ்சு, காபி டம்ளர் வெச்ச மாதிரி வளையம் விழும். நிறமே இல்லாத லாமியன் மீடியத்தைச் சம அளவு கலந்துக்கோங்க. ஒரு கை, ஒரு கால்னு பகுதி பகுதியா போங்க. தேங்கி நிக்கறதை உடனே ஈர பிரஷால உறிஞ்சி எடுத்துடுங்க. பாதி காய்ஞ்ச வாஷைத் திரும்பத் தொடாதீங்க, உரிஞ்சு திட்டாயிடும். வளையம் விழுந்தே போச்சுன்னா முழுக்கக் காய விட்டு, டெத் கார்ட் கிரீனை நல்லா தண்ணியாக்கி அந்த ஓரத்து மேல ரெண்டு தடவை போர்த்துங்க.

காய்ஞ்சதும் மேடான தசைகளுக்கு ஆக்ரின் கேமோ, நெத்தி, மூக்கு நுனி, விரல் மூட்டுக்கு மட்டும் க்ரீக் காக்கி. வெளிச்சம், நிழல் ரெண்டோட நிறுத்தினா தோல் ரப்பர் மாதிரிதான் இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுக்கு அப்புறம்தான் வருது. கேரோபர்க் கிரிம்சன்ங்கற சிவப்பு வாஷை ஒண்ணுக்கு நாலு மீடியம் கலந்து மூக்கு, உதடு, முட்டி, காது ஓரத்துல தடவுங்க. ட்ரேக்கன்ஹாஃப் நைட்ஷேட்ங்கற நீல வாஷை அதே அளவு தண்ணியாக்கிக் கண்ணுக்குக் கீழயும் அக்குள்லயும். உள்ள ரத்தம் ஓடறது அப்பத்தான் தெரியும். விளையாட்டுல ட்ராகோத்துகளுக்குக் காயம் தானா ஆறிடும். அதனால தோள்ல ரெண்டு மூணு இடத்துல புதுசா வளர்ந்த தோல் மாதிரி வெளிர் ரோஸ் திட்டு வெச்சீங்கன்னா அந்த உருவத்தோட கதைக்கும் பொருந்தும்.

முதுகுல இருக்கற கல் திட்டுக்கும் கதாயுதத்துக்கும் மெக்கானிகஸ் ஸ்டாண்டர்ட் கிரே, நல்ன் ஆயில்ங்கற கறுப்பு வாஷ், அப்புறம் டான்ஸ்டோன் ட்ரைபிரஷ், அதாவது கிட்டத்தட்ட காய்ஞ்ச பிரஷால மேடுகளை மட்டும் தேய்க்கறது. மேக்கப் பிரஷ்ல பெயிண்ட்டைத் தொட்டு, டிஷ்யூல தேய்ச்சு, புறங்கையில இழுத்தா வரிவரியா லேசா மட்டும் பதியணும், அதுதான் அளவு. காளானுக்கு மெஃபிஸ்டன் ரெட். பச்சைத் தோலுக்கு எதிர் நிறம்கிறதால மூணே காளான் இருந்தாலும் கண்ணை இழுக்கும், அதுக்கு மேல சிவப்பு எங்கயும் வேண்டாம். பல்லும் நகமும் ரைனாக்ஸ் ஹைட்ல ஆரம்பிச்சு, சாண்ட்ரி டஸ்ட், உஷாப்தி போன்னு நுனியைப் பார்த்து மெல்லிசு கோடா இழுங்க.

பேஸ்ல கார்க் துண்டு, பெவிகால், ரெண்டு அளவு மணல். கால் நிக்கப் போறது கார்க் மேலன்னா பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது. 1 மில்லிமீட்டர் கை டிரில்லால பாதத்துல துளை போட்டு, அதே கனத்துல ஒரு பேப்பர் க்ளிப் துண்டைச் சொருகி, சூப்பர் க்ளூவோட இறக்குங்க. மேஜையில தலையைப் பிடிச்சுத் தூக்கினாலும் பேஸ் கழண்டு வராது.

கடைசியா வாய்ல எச்சில் பளபளப்பு வைக்கப் போறோம். மேட் வார்னிஷை (பளபளப்பு இல்லாத பாதுகாப்புப் பூச்சு) எச்சிலுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்சிடணும், ஏன்னா மேட் பட்டா பளபளப்பு செத்துடும். அது காய்ஞ்சதும் வாய்க்குள்ளயும் மூக்குத் துளையிலயும் ஆர்ட்கோட்ங்கற பளபளப்பு வார்னிஷ், கீழ் உதட்டுல சளி மாதிரி இருக்கற நர்கிள்ஸ் ராட் பெயிண்ட் ஒரு துளி. காயற வரைக்கும் உருவத்தை நிமிர்த்தியே வெச்சிருங்க, படுக்க வெச்சா எச்சில் கன்னத்துப் பக்கம் ஓடி அங்கேயே உறைஞ்சிடும்.