அடுத்த எதிரணியை எடைபோட 200 மணி நேரம்! ஒரு கோச் செய்த கிறுக்குத்தனம்

[திரையில்: பயிற்சி மைதானத்தின் வேலி]

ஜனவரி 10, 2019. இங்கிலாந்தில் டெர்பி கவுண்டி கால்பந்து அணியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே ஒருவர் சந்தேகப்படும்படி நிற்கிறார். போலீஸ் வந்து விசாரிக்கிறது. வந்தவர் திருடன் இல்லை. மறுநாள் டெர்பியோடு மோதப்போகும் லீட்ஸ் யுனைடெட்டின் ஆள். அனுப்பியவர் லீட்ஸ் கோச் மார்செலோ பியெல்சா.

அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அரை நிமிடம் பாடம், ஓட்டிவிடாதீர்கள்.

அடுத்த ஆட்டம் யாரோடு என்று தெரிந்ததும் நாம் முதலில் பார்ப்பது புள்ளிப்பட்டியல். அப்புறம் கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவு, வெற்றிக்கு W, தோல்விக்கு L, டிராவுக்கு D என்று ஐந்து எழுத்து. ஐந்தில் நான்கு வெற்றி என்றால் வயிற்றைக் கலக்கும். ஆனால் யாரை ஜெயித்தார்கள், சொந்த மைதானத்திலா வெளியிலா, எதிரில் ஆடியவர்களில் யாராவது சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்களா என்பதெல்லாம் அந்த ஐந்து எழுத்துகளில் இருக்காது. சரி, பாடம் முடிந்தது.

இப்போது பியெல்சா. மழுப்புவார் என்று பார்த்தால், "ஆமாம், நான்தான் பொறுப்பு" என்று ஆட்டத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டார். டெர்பி கோச் ஃபிராங்க் லாம்பார்டுக்குக் கடும் கோபம். ஆட்டத்தில் லீட்ஸ் 2-0 என்று ஜெயித்தது வேறு. 16ஆம் தேதி பியெல்சா பத்திரிகையாளர்களைத் திடீரென்று அழைத்தார். ராஜினாமா செய்யப்போகிறார் என்று பேச்சு. போனால், அங்கே திரை, கணினி, ஒரு மணி நேரத்துக்கு மேல் வகுப்பு!

முந்தைய சீசனில் டெர்பி ஆடிய 51 ஆட்டங்களையும் தன் குழு பார்த்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம் ஆனது என்றார். பெருக்கிப் பாருங்கள், 204 மணி நேரம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த சீசனில் டெர்பியின் கோச் லாம்பார்டே இல்லை. வேறு வாத்தியார் எடுத்த பழைய கேள்வித்தாளை உட்கார்ந்து மனப்பாடம் செய்த மாதிரி.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அவர் சொன்ன காரணம்தான். இத்தனை தகவலும் ஜெயிப்பதற்குத் தேவையில்லையாம். பார்க்காவிட்டால் குற்ற உணர்ச்சி வருகிறதாம், பார்த்தால் பதற்றம் குறைகிறதாம். அட, இது நம் கதை இல்லையா! நள்ளிரவில் எதிரணி விங்கரின் ஹைலைட்ஸை மூன்றாவது முறை பார்க்கும் ரசிகனும் இதைத்தானே செய்கிறான்? நம்மிடம் சம்பளம் வாங்கும் குழு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லீட்ஸுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம். அதைப் பியெல்சா தன் கையிலிருந்து கட்டினார். ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியை வேவு பார்க்கக் கூடாது என்று விதியும் வந்தது.

கதை இன்னும் முடியவில்லை. அதே ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் அரையிறுதியில் யாரோடு யார்? லீட்ஸும் டெர்பியும்! முதல் ஆட்டத்தில் லீட்ஸ் 1-0. இரண்டாவது ஆட்டம் லீட்ஸின் சொந்த மைதானத்தில். அங்கேயும் லீட்ஸ்தான் முதல் கோல் அடித்தது. இடைவேளை நெருங்கும்போது மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் டெர்பி பெஞ்சிலிருந்து ஜாக் மேரியட் இறங்கினார். இறங்கிய கையோடு கோல். லீட்ஸ் கோல்கீப்பரும் டிஃபெண்டரும் குழம்பி விட்ட பந்து. 85ஆவது நிமிடத்தில் மறுபடி மேரியட். டெர்பி 4-2, இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டினால் 4-3, டெர்பி இறுதிக்குப் போனது.

[திரையில்: காலியான பெஞ்ச்]

அதனால் என் கட்சி இது: எதிரணியின் முதல் 11 பேரை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் பெஞ்சைப் பாருங்கள். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் யாரை இறக்குகிறார்கள், அதற்குப் பிறகு எத்தனை கோல் அடிக்கிறார்கள்?

இன்னொன்று, அவர்களின் கடைசி வரிசை எங்கே நிற்கிறது. 2022 உலகக் கோப்பையில் 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா, தரவரிசையில் 51ஆவது இடத்தில் இருந்த சவுதி அரேபியாவைச் சந்தித்தது. சவுதி டிஃபென்ஸ் துணிச்சலாக நடு மைதானம் நோக்கி ஏறி நின்றது. பாஸ் கொடுக்கும் நொடியில் அந்த வரிசையைத் தாண்டி நின்றால் ஆஃப்சைடு, கோல் செல்லாது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் போயின. இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடத்துக்குள் சவுதி இரண்டு கோல் அடித்தது, 2-1. தரவரிசையை மட்டும் பார்த்தவர்கள் அன்று டிவியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

யார் தடையில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் மஞ்சள் அட்டைத் தடையால் டிஃபெண்டர் தியாகோ சில்வா இல்லாமல், காயத்தால் நெய்மார் இல்லாமல் ஜெர்மனியிடம் பிரேசில் வாங்கியது ஏழு கோல்.

எக்ஸ்ஜி என்ற எண்ணைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கு அது. பெனால்டி என்றால் முக்கால் கோலுக்குக் கொஞ்சம் மேல். 3-0 என்று ஜெயித்த அணியின் எல்லா ஷாட்டுகளையும் கூட்டினாலும் எக்ஸ்ஜி ஒன்றைக்கூடத் தொடவில்லை என்றால், அந்த ஸ்கோரைப் பார்த்து மிரள வேண்டாம். முழுதாக விளக்கத் தனி வீடியோ வேண்டும்.

உங்கள் அணியின் அடுத்த எதிரணி யார், அவர்கள் பெஞ்சில் உங்களைப் பயமுறுத்தும் ஆள் யார்? கமெண்டில் எழுதுங்கள். "நாங்கதான் ஜெயிப்போம்" என்று மட்டும் எழுதினால் லைக் போட மாட்டேன்.