கலைக்குள் கால் நுழைந்தால்

நண்பர்களே, பலகையில் இருக்கும் குறுக்கெழுத்துக் குறிப்பைப் பாருங்கள். 'கலைக்குள் கால் நுழைந்தால் வருத்தம் (3)'. படித்ததும் மேடையும் சலங்கையும் கண்முன் வருகின்றன. அந்தக் காட்சியை முதலில் கலைத்துவிடுங்கள். வாக்கியம் சொல்லும் கதைக்கும் விடைக்கும் தொடர்பில்லை. விடையின் நேர்ப்பொருள் குறிப்பின் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. இங்கே வாலில் 'வருத்தம்'. மீதியெல்லாம் எழுத்துகளைக் கோக்கும் வழி.

இனி கணக்குப் போடுங்கள். விடைக்கு மூன்று கட்டம். 'கலை' இரண்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 'கால்' ஓரெழுத்தாகச் சுருங்கியாக வேண்டும். கால் என்றால் பாதம், காற்று, வாய்க்கால், நாலில் ஒரு பங்கு. பழைய தமிழ்க் கணக்கில் கால் பங்கின் குறி 'வ'. க-வுக்கும் லை-க்கும் நடுவே வ நுழைந்தால் கவலை. இப்படி ஒரு சொல்லுக்கு உள்ள பொருள்களை எல்லாம் ஓரத்தில் எழுதிக்கொள்வது பெரிய உதவி. மனத்தில் மட்டும் வைத்திருந்தால் முதலில் தோன்றிய பொருளே திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

இந்தக் குறி நமக்குப் புதிதல்ல. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் 'எட்டேகால் லட்சணமே' என்று தொடங்குகிறது. எட்டுக்குக் குறி 'அ', காலுக்கு 'வ'. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே! அடுத்து வரும் 'எமனேறும் பரி' எருமை. குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் கைவழியே பிறந்தது உண்மைதான். ஆனால் இந்தச் சொல்விளையாட்டு நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது.

எழுத்துக் குலைப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'தகவு தடுமாறினாலும் வீட்டைக் காக்கும் (3)'. தடுமாறு, குழம்பு, சிதறு, உடை போன்ற வினை வந்தால் பக்கத்துச் சொல்லைக் குலைத்துப் பாருங்கள். த, க, வு மூன்றையும் மாற்றி அடுக்கினால் கதவு. அப்படியானால் 'கலவை'யைக் குலைத்தால் 'கவலை' வருமா? வராது. கலவையில் இருப்பவை க, ல, வை. கவலைக்கு வேண்டியவை க, வ, லை. உயிர்மெய் ஒரு கட்டத்துக்குள் ஒன்றாகவே உட்காரும். அதன் ஐகாரத்தைப் பிரித்துப் பக்கத்து எழுத்துக்குக் கொடுக்க முடியாது. ஒலியை நம்பாதீர்கள், கட்டத்தை எண்ணுங்கள். ஒற்றுக்கும் தனிக்கட்டம் உண்டு என்பதால் தக்காளிக்கு நான்கு கட்டம்.

'மழை வந்தால் கத்தும், வந்தவளை உள்ளே தேடு (3)'. இதில் விடை கண்ணெதிரே கிடக்கிறது. வந்தவளை என்பதன் முதல் இரண்டு எழுத்தை மூடினால் தவளை. 'திரும்பினால்' என்று வந்தால் வலமிருந்து படியுங்கள்: 'இரும்பைத் தின்பது திரும்பினால் பருவம் (2)' என்பதில் துரு திரும்பி ருது ஆகிறது. குலைப்பதற்கோ திருப்புவதற்கோ ஒளிப்பதற்கோ எந்தச் சைகையும் இல்லை, குறிப்பும் இரண்டாகப் பிளக்கிறது என்றால் அது பெரும்பாலும் சிலேடை. 'மணமேடையில் மாறும், பகல் மாறும் நேரம் (2)': மாலை.

சிக்கிக்கொண்டால் குறுக்கே ஓடும் சொற்களைப் பிடியுங்கள். தமிழில் ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆங்கிலக் கட்டம் தருவதைவிட அது அதிகம். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே ஒரு கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இன்னொரு சொல் தொடங்கினால் அங்கே புள்ளியெழுத்து வர வழியில்லை. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் தமிழ்ச்சொல் முடியாது. கடைசிக் கட்டத்தில் இவற்றில் ஒன்று வந்துவிட்டால், குறுக்கே போட்ட விடை தவறாக இருக்கலாம். அழிரப்பரை எடுத்து அங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குங்கள்.