ஈரக் கயிறு: புதுமைப்பித்தனுக்கு எங்கள் கதை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற என் நண்பர்களே, கோயில் வீதியில் பாய் விரித்து, நித்திரையான பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு கேட்கிற ஊர்ச் சனமே, எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வாசகர் வட்டம் புதுமைப்பித்தன் நினைவாக ஒரு திகில் கதைத் தொகுப்புப் போடப் போகிறது. அதில் இருக்க வேண்டியவை அவருடைய கதைகளா, அவரைப் படித்தவர்கள் எழுதும் புதிய கதைகளா? இதுதான் இன்றைக்கு வழக்கு. நான் புதிய கதைகளுக்காக வந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் எங்கள் பக்கம் இரண்டு கல் எறிந்தார். முதலாவது: "அவர் கதையையே இங்கே பாதிப் பிள்ளைகள் படிக்கவில்லை, அதற்குள் நகல் எதற்கு?" இரண்டாவது கல் கனமானது: "வன்னிச் சனம் பார்க்காத பயங்கரமா? அதைக் கண்ணால் கண்டவர்களுக்குப் பேய்க்கதை எதற்கு?" இரண்டுக்கும் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

1906இல் பிறந்து 1948இல், 42 வயதில், போய்விட்ட மனிதர் புதுமைப்பித்தன். 'காஞ்சனை' தொகுப்பு 1943இல் வந்தது. அதே பெயரில் உள்ள கதையில் அப்படி என்னதான் இருக்கிறது? நித்திரை வராத ஓர் எழுத்தாளர். வாசலில் பிச்சைக்கு வந்த பெண்ணை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிற மனைவி. நடுச்சாமத்தில் எங்கிருந்தோ வருகிற ஒரு வாடை. தலைவிரி கோலத்தில் ஒருத்தி வந்து அலறுவதில்லை. வந்தவள் யார் என்று கடைசி வரைக்கும் அறுத்துச் சொல்லவும் மாட்டார். புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணி குடிக்க எழும்புகிறோம். எங்கள் வீட்டு அடுப்படியில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அதைப் படித்துவிட்டு, விடியும் மட்டும் தண்ணி குடிக்காமல் கிடந்தவன்.

சரி, அவர் தனக்கு முந்தியவர்களுக்கு எப்படி மரியாதை செய்தார்? 'சாபவிமோசனம்' படித்தவர்களுக்குத் தெரியும். ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து எழும்பிய அகலிகை, சீதையைத் தீக்குளிக்க வைத்த சேதியை அந்தச் சீதை வாயாலேயே கேட்டு, மறுபடி கல்லாகிறாள். இது வால்மீகியில் இல்லை, கம்பனில் இல்லை. அந்த இரண்டு பேரையும் நெஞ்சில் வைத்துப் படித்த ஒருவரால்தான் இதை எழுத முடியும். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' கதையை 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். ஆகவே பழையதைப் பாதுகாப்பது வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. அவர் புத்தகம் நூலகத் தட்டில் இருக்க வேண்டும். கிழிந்தால் புதிதாக வாங்கி வைக்க வேண்டும். ஆனால் அது நூலகம் எப்போதும் செய்ய வேண்டிய வேலை. இது அவருக்கென்று நாங்கள் வைக்கப் போகிற படையல். படையலுக்கு வீட்டில் பொங்கியதைத்தான் வைக்கிறோம்.

எதிரணி அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சியைக் கூட்டி வந்தது. லவ்கிராஃப்ட் என்ற திகில் கதை எழுத்தாளர் 1937இல் இறந்தபோது அவர் கதைகள் மலிவுத்தாள் சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தன. அவை மக்கிப்போகாமல் இருக்க டெர்லத், வாண்ட்ரே என்ற இரண்டு எழுத்தாளர்கள் 1939இல் ஒரு பதிப்பகமே தொடங்கினார்கள். அருமையான காரியம். அந்த இருவரையும் நானும் கும்பிடுகிறேன்.

ஆனால் அதே லவ்கிராஃப்ட் உயிரோடு இருக்கும்போது நடந்ததையும் சபை கேட்க வேண்டும். ராபர்ட் பிளாக் என்று ஒரு பெடியன் அவருக்குக் கடிதம் எழுதி எழுதியே கதை எழுதப் பழகினான். 1935இல் அவனுக்கு 18 வயது. ஒரு கதை வெளியாகிறது. அதில் குருவைப் போலவே ஒரு பாத்திரத்தைப் படைத்து, அதைக் கோரமாகச் சாகடித்திருந்தான்! குருவிடம் கேட்டு, அவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான் செய்தான். குரு சும்மா இருந்தாரா? ராபர்ட் பிளேக் என்று ஒருவனை உண்டாக்கி, அவனைத் தன் கதையில் சாகடித்து, அந்தக் கதையைப் பிளாக்குக்கே சமர்ப்பணம் செய்தார். உங்கள் அப்பாவோடு முற்றத்தில் இருந்து தாயம் விளையாடியிருக்கிறீர்களா? வெட்டு வாங்கினாலும் அவர் முகத்தில் வருமே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இதில் தெரிகிறது.

நகல் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. லவ்கிராஃப்டுக்குப் பின்னால் வந்த பலர், அவர் கற்பனை செய்த மந்திரப் புத்தகத்தையும் கடலடித் தெய்வத்தையும் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெயர்கள் வந்தன, பயம் வரவில்லை. அதற்கு மருந்தும் அங்கேயே இருக்கிறது. 2021இல் எலன் டாட்லோ என்ற தொகுப்பாசிரியர், ஷேர்லி ஜாக்சன் என்ற எழுத்தாளர் நினைவாக ஒரு தொகுப்புக் கொண்டு வந்தார். குடும்பத்துக்குள்ளும் அயலுக்குள்ளும் இருக்கிற பயத்தை எழுதி, 1965இல் இறந்துபோனவர் ஜாக்சன். அவருடைய கதைகளைத் திருப்பி எழுத வேண்டாம், அவருடைய சாரத்தை உங்கள் கதையில் இறக்குங்கள் என்பதே டாட்லோ கேட்டது. நாங்களும் காஞ்சனையின் தங்கச்சியைத் தேடிப் போகத் தேவையில்லை.

எங்களிடம் இல்லாததா? இருட்டினால் பாம்பென்று சொல்ல அம்மம்மா விடமாட்டா. "பூச்சி என்று சொல்லடா." பெயர் சொன்னால் வந்துவிடும். அப்புவோடு வயல் காவலுக்குப் பரணில் கிடந்த ஓர் இரவு நினைவிருக்கிறது. காலபோகம், கதிர் முற்றுகிற நேரம். பன்றி கலைக்கக் கட்டிய தகரம் காற்றே இல்லாமல் ஒருதரம் 'டிங்' என்றது. அப்பு ரோச் லைற்றை எடுக்கவில்லை. சுருட்டைப் பரண் மரத்தில் மெல்ல அமத்தினார். என் வாயில் கையை வைத்தார். விடிந்த பிறகும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. காஞ்சனையை எழுதியவருக்கு அந்தக் கை விளங்கியிருக்கும்.

இனி இரண்டாவது கல்.

பார்த்தோம், ஐயா. சபையில் இருக்கிற எல்லாரும் பார்த்தோம். என் அம்மா 2009 போரைப் பற்றி இன்று வரைக்கும் வாய் திறந்ததில்லை. பதுங்கு குழி என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டா. ஆனால் முனியைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியக் கதைப்பா. சின்ன வயதில் நான் கேட்ட முனி குதிரையில் வருவார், சுருட்டுக் கேட்பார். இப்போது அம்மா சொல்கிற கதையில் முனி ஒழுங்கையில் நின்று தண்ணி கேட்கிறார். எப்போது மாறியது என்று நான் அம்மாவிடம் கேட்டதில்லை. பேய்க்கதை எதற்கு என்கிறீர்களே, என் வீட்டில் அது ஒன்றுதான் வாய் திறக்கிறது.

தொகுப்புக்கு வந்த கதைகளில் ஒன்றைச் சொல்கிறேன். எழுதியது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. 2010இல் ஒரு குடும்பம் தங்கள் காணிக்குத் திரும்பி வருகிறது. கூரை இல்லை. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, புதுக் கயிறு போடுகிறார்கள். காலையில் கயிறு நனைந்திருக்கிறது. இரவில் யாரும் தண்ணி அள்ளவில்லை. மறுநாளும் ஈரம். மூன்றாம் நாளும். நாலாம் நாளிலிருந்து தாய் எல்லாருக்கும் முன்னம் எழும்பி, பிள்ளைகள் காணமுதல் அந்தக் கயிற்றை வேலியில் காயப் போடுகிறாள். தகப்பனுக்கும் சொல்லவில்லை. ஒரு காலை வேலியில் கயிறு ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. கதை அங்கே நின்றுவிடுகிறது.

பேய் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. புதுமைப்பித்தன் பெயரும் இல்லை. அந்தப் பிள்ளை 'காஞ்சனை'யை எங்கள் நூலகத்தில் இரண்டு தரம் இரவல் எடுத்தவள். எதிரணி சொல்கிறபடி செய்தால், இந்தக் கதையை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், நடுவர் ஐயா. என்ன சொல்லிக் கொடுப்பது?

மணி அடித்துவிட்டீர்கள். முதற்பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள், கீழே 1906–1948 என்று போடுங்கள். அடுத்த பக்கத்தில் கிணற்றுக் கதை வரட்டும். வணக்கம்.