முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. காலையில் வேலைக்குப் போக அவசரம், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது, பெட்டரி சாகும் வரை செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போய், பாஸ், அதாவது மெக்கானிக், எழுதித் தரும் சாமான்களையெல்லாம் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி வாங்கிக் கொடுப்பதுதான். பாஸ்மார் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்கள் இல்லாமல் இந்த நகரத்தில் பாதி வண்டி ஓடாது. ஆனால் என்ன பழுது என்று தெரியாமல் சாமான் வாங்காதீர்கள். இன்று நான் சொல்ல வந்ததே அதுதான்.

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். அதனால் நம் ஒழுங்கைகளில் இன்னும் நிறையக் காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) ஸ்கூட்டர்கள்தான் ஓடுகின்றன, புதிதாகப் பழகுபவருக்கு அது நல்லதே. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடிய பழுதுகள் அவற்றில் அதிகம்.

செல்ஃபை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லையா? முதலில் பிரேக்கைப் பிடித்தீர்களா, சைட் ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், சில வண்டிகளில் அதற்கும் ஒரு சுவிட்ச் உண்டு. பிறகு பியூஸ். 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பெட்டரி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நன்றாகச் சார்ஜ் ஏறிய பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், 12க்குக் கீழே என்றால் அது களைத்துவிட்டது. ஆனால் உடனே புதுப் பெட்டரி வாங்க ஓடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் பெட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருக்கும். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் வயரை முதலில் கழற்றி, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். துடைத்து நன்றாகக் காயவிட்டு, பூட்டும்போது பிளஸ்ஸை முதலில் பூட்டுங்கள்.

சரி, எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கேதான் பிளக், அதாவது பெற்றோலைப் பற்றவைக்கும் நெருப்புப் பொறியைத் தரும் ஸ்பார்க் பிளக். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக் சாவியால் கழற்றி, வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். இளம் மண்ணிறமாக இருந்தால் எரிதல் நன்றாக இருந்திருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் கூட, காற்றுக் குறைவு, எயார் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஒயில் பிசுபிசுப்பு இருந்தால் எஞ்சினுக்குள்ளே தேய்மானம், அது பாஸின் வேலை. நனைந்து பெற்றோல் மணம் வந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்புப் பொறியில்தான் சந்தேகம், இல்லாவிட்டால் அதிகமாகக் கிக் அடித்து உள்ளே பெற்றோல் தேங்கிவிட்டது. பல தடவை கிக் அடித்தும் நுனி எலும்பாகக் காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவே இல்லை. ஈரமா, காய்ந்ததா என்ற அந்த ஒரு கேள்வி தேடுதலைப் பாதியாக்கிவிடும்.

பொறியைப் பார்ப்பதற்குப் பிளக்கை அதன் தொப்பியில் செருகி, உடம்பை எஞ்சினின் வெறும் உலோகத்தில் தொடவைத்து, சாவியைத் திறந்து கிக் அடியுங்கள். நீலமாகப் பளிச்சென்று பாய வேண்டும். பிளக் துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளியே வரும், ஆகவே பிளக்கைத் துளையிலிருந்து நன்றாகத் தள்ளியே வையுங்கள், உலோகத்தைக் கையால் பிடிக்காதீர்கள், மூடிய கராஜுக்குள் இதைச் செய்யவே வேண்டாம். திரும்பப் பூட்டும்போது முதல் சுற்றுகளை விரலால்தான் சுற்ற வேண்டும். எஞ்சின் தலை அலுமினியம், கோணலாக ஏறினால் மரை போய்விடும், அந்தச் செலவு பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு.

பொறி இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது என்றால் காபரேட்டரின் அடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அதில் ஒரு வடிகால் திருகு உண்டு. கீழே ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலைப் பிடித்துத் திறந்தால், வருவது பெற்றோலா, பெற்றோலும் தண்ணீருமா என்று தெரிந்துவிடும். தண்ணீர் கனமானது, அடியில் தனியாக உருண்டு நிற்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெற்றோல் பிசினாகி, காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டின் நுண்ணிய துளையை அடைத்துவிடும். சோக் (காற்றைக் குறைத்துப் பெற்றோல் விகிதத்தைக் கூட்டும் நெம்பு) போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும், அதற்கு இதுதான் அடையாளம். 2022இல் பெற்றோல் இல்லாமல் வீட்டு வாசலில் கிடந்த வண்டிகளை மறுபடி எழுப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் நிற்கும் வீதியில் வண்டி நடுவில் நின்றுவிட்டால், தயவுசெய்து செல்ஃபை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டுபோய் மேட்டில் நிறுத்தி, சாவியை மூடி, பிளக்கைக் கழற்றி, மெதுவாகக் கிக் அடித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியை இழுத்துப் பாருங்கள், ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் ஒயிலை மாற்றாமல் எஞ்சினை ஓடவிடக் கூடாது. எயார் ஃபில்டர் நனைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தண்ணீர் உள்ளே போகாமல் வெறும் தூறலில் நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் பிளக் தொப்பியைத் துடைத்துக் காயவைத்தாலே போதும்.

பிரேக், பெல்ட், வால்வு இடைவெளி இவற்றில் ஆரம்பத்திலேயே கை வைக்க வேண்டாம், பிரேக்கில் தவறினால் உயிர்ப் பிரச்சினை. அவற்றுக்குப் பாஸிடம் போங்கள். எதற்குப் போனாலும் 'ஸ்டார்ட் ஆகுதில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பொறி நீலமாக வருது, பிளக் காய்ந்து கிடக்கு, கிண்ணத்தில் பெற்றோல் இறங்குது' என்று சொன்னால் அவர் நேரே ஜெட்டைத்தான் கழற்றுவார், நீங்களும் அன்று பெட்டரி வாங்கப் போவதில்லை. வணக்கம்.