பிளா மடித்த கை

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம்.

குடும்பத்தின் மூத்த தாய் நம் நினைவில் நிற்பது பக்தியாலா, கைவண்ணத்தாலா? கைவண்ணத்தால் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு ஒரே சாட்சி என் அம்மம்மா. 1926இல் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்து, 2019இல் தொண்ணூற்று மூன்று வயதில் கண்மூடியவர்.

எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணா சொன்னார்: "ஓலைப்பெட்டி காய்ந்தால் அடுப்புக்குப் போகும். ஆச்சி பாடிய திருவெம்பாவை அடுப்புக்குப் போகுமா?" நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணா, அந்தத் திருவெம்பாவை எதில் ஏறி உங்களிடம் வந்தது? ஓலையில். அச்சு வரும்வரை நூற்றாண்டுக் கணக்காக ஏடு பார்த்து ஏடு எழுதினார்கள். நம்முடைய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதும் ஏட்டிலிருந்துதான். ஒரு ஏட்டுக் கட்டைச் செல் அரிக்குமுன் யாரோ ஒருவர் கை இன்னொரு கட்டை எழுதி முடித்திருந்தது. அதனால் பாட்டு பிழைத்தது. ஓலை அழியும் அண்ணா, நான் மறுக்கவில்லை. கை அடுத்த ஓலையை எடுக்கும். நீங்கள் அடுப்புக்கு அனுப்பியது அந்தக் கையை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

1995 ஒக்டோபர் 30. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. சைக்கிளை உருட்டவும் இடமில்லை. எனக்கு ஒன்பது வயது, அம்மம்மாவுக்கு அறுபத்தொன்பது. கந்தசஷ்டி விரதம் முடித்த களைப்பு அவர் உடம்பில் இன்னும் இருந்தது. எல்லாரும் அரிசியும் காணி உறுதியும் நகையும் தேடி எடுத்தார்கள். அவர் எடுத்தது இரண்டு: விபூதி வைக்கிற ஓலைக் குட்டான், ஓலை வாருகிற சிறு கத்தியான சத்தகம்.

அடுத்த நாள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கிடாரத்தில் கஞ்சி கொதிக்கிறது. வரிசை மதில்வரை நீள்கிறது. ஆனால் ஏனம் இல்லை! சட்டி பானையெல்லாம் வீட்டில் கிடக்கிறது. எங்களுக்கு முன்னால் ஒரு இளம் தாய், இடுப்பில் பிள்ளை. அவர் வெறும் கையை நீட்டினார். கஞ்சி ஊற்ற வந்தவர் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். கொதிக்கிற கஞ்சியைக் கையில் எப்படி ஊற்றுவது?

அம்மம்மா வரிசையை விட்டு விலகினார். வேலியோரம் நின்ற வடலியை, அந்த இளம் பனையைப் பார்த்தார். "தம்பி, அதில ரெண்டு ஓலை வெட்டித் தா மோனை" என்றார். நிலத்தில் குந்தினார். சத்தகத்தால் ஒரு வார், ஒரு மடிப்பு, இரண்டு முனையையும் கூட்டி ஒரு முடிச்சு. பிளா! குடிப்பதற்கு ஓலையில் மடித்த ஏனம். அதை அந்தத் தாயிடம் நீட்டி, "ஆற விட்டுப் பிள்ளைக்குக் குடு" என்றார்.

அந்த இடத்துக்கு இன்னொரு முறை என்னோடு வாருங்கள். எங்களுக்கும் பசி, அவருக்கும் பசி. வரிசையில் எங்கள் இடம் போய்விட்டது. அவர் நிமிரவில்லை. அடுத்த பிளா, அதற்கடுத்த பிளா. சுற்றியிருந்த பெண்கள் பார்த்துப் பழகி மடித்தார்கள். பொழுதுபடும்போது வரிசையில் நின்ற எல்லார் கையிலும் பச்சை ஓலை இருந்தது. அம்மம்மா கடைசியாகத்தான் குடித்தார், தான் மடித்த பிளாவில்.

பக்திதான் அவரை அந்த இரவில் நடக்க வைத்தது என்று அண்ணா எழுந்து சொல்வார். சொல்லட்டும். கஞ்சியைத் தாங்கியது பிளா.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் விளக்குச் செய்ததும், சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்ததும் எல்லா வீட்டிலும் நடந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடைசி வருடம் அவர் எங்கள் பெயர்களை மறந்துவிட்டார். கட்டிலில் கிடந்தபடி வாய் திருவெம்பாவையை முணுமுணுக்கும். விரல்கள் போர்வையின் ஓரத்தை இழைத்துக்கொண்டே இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று. பாட்டு நின்றால் விரலும் நிற்கும். விரலைப் பிடித்தால் பாட்டும் நின்றுவிடும். நடுவர் ஐயா, அந்தக் கட்டிலருகே இருந்தபோது இதில் எது பக்தி, எது கைவண்ணம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. என் அணியினர் பொறுத்துக்கொள்ளட்டும்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருடம் தவறாமல் ஒரு பூப்பெட்டி இழைப்பார். கடைசிப் பெட்டி பாதியில் நின்றுவிட்டது. விளிம்பு கட்டவில்லை, ஓலைகள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அம்மா அதை யாரிடமும் முடிக்கக் கொடுக்கவில்லை. இன்று காலையும் அதில்தான் செவ்வரத்தம்பூ பிடுங்கிக்கொண்டு சாமி அறைக்குப் போனார்.

வணக்கம்.